ஏழாவது இழை

அத்தியாயம் 14

போன வாரம் காயத்ரி தலையை நிமிர்த்திய இடத்தில் கதையை நிறுத்தியதற்காக இரண்டு வாசகிகள் என்னைத் திட்டித் தபால் அட்டை போட்டிருக்கிறார்கள். "அந்தப் பெண் என்ன பார்த்தாள் என்று சொல்லாமல் ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்துவிட்டீர்களே" என்று ஒருவர் கேட்கிறார். இதோ சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு தூக்கம் வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அதற்கு முன்னால், இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வார்த்தை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்து, பிறகு பட்டு வியாபாரம் செய்து, கடைசியில் ஆஸ்பத்திரி கட்டியவர் முனிரத்தினம். அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு மூன்று ஆஸ்பத்திரிகள். ஊருக்குள் பெரியது, கூரத்தில் கண் ஆஸ்பத்திரி, தாமல் ஏரிப்பக்கம் பிரசவ ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளூர்க் குழு. அதற்கு மேலே டாக்டர்களின் மருத்துவக் குழு. எல்லாவற்றுக்கும் மேலே ஏழு அறங்காவலர்கள். லாபம் என்று எதையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. சண்டையை மட்டும் தாராளமாக எடுத்துப்போகலாம்.

சண்டைக்கும் முனிரத்தினம் ஒரு வழி செய்து வைத்திருந்தார். கையைத் தூக்கி ஓட்டுப் போட்டால் நாளைக்கு அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் இழை ஓட்டு. சாண் நீளத்துக்கு முறுக்கி முடிச்சிட்ட பட்டு இழை. தீர்மானம் சம்மதம் என்றால் சிவப்பு, வேண்டாம் என்றால் வெள்ளை. மேசைமேல் தட்டில் குவிந்திருப்பதில் ஒன்றை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, திரைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போய்ப் பித்தளைச் செம்பில் போட்டுவிட்டு வர வேண்டும். ஒருவர் எழுந்து போய்த் திரும்பும்வரை மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். முகத்தை வைத்து ஓட்டைக் கண்டுபிடித்துவிடுகிற குடும்பம் அது.

தை மாதம் முனிரத்தினம் காலமானார். ஏழு பேர் ஆறு பேரானார்கள். ஏழாமவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. மூத்த மகன் உமாபதியும் மகள் மங்கையர்க்கரசியும் ஒருமனதாவது நடக்கிற காரியமா? எனவே பெரியவரின் பிரம்பு நாற்காலி மேசையின் தலைப்பக்கத்தில் காலியாகவே கிடந்தது. தலைவரான உமாபதி அதற்கு அடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு, தாமல் ஆஸ்பத்திரியை மூடும் தீர்மானம் இரண்டு கூட்டங்களில் வந்தது. இரண்டு தடவையும் ஆறு பேர்தான் எழுந்து போனார்கள். இரண்டு தடவையும் செம்பில் ஏழு இழை கிடந்தது. கணக்கு ஒத்துவரவில்லை என்று ஓட்டு செல்லாமல் போயிற்று.

இரண்டாவது தடவை, மினிட்ஸ் எழுத உட்கார்ந்திருந்த உமாபதியின் மகள் காயத்ரி தலையை நிமிர்த்திவிட்டாள். அவள் பார்த்தது இதுதான்.

அப்பா தனக்கென்று ஒரு சிவப்பு இழையை எடுத்துக்கொண்டார். பிறகு தட்டிலிருந்து இன்னொரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்துத் தாத்தாவின் நாற்காலிக் கைமேல் வைத்தார். குனிந்து, யாரும் இல்லாத அந்த நாற்காலியிடம் காதைக் கொடுத்தார். தலையை ஆட்டினார். சிவப்பைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு, வெள்ளையை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை.

தாத்தாவுக்குக் கடைசி இரண்டு வருடம் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து போயிருந்தது. அப்போது அவர் விருப்பத்தைக் காதில் கேட்டு, அவருக்காக இழை போட்டுவிட்டு வந்தவர் அப்பாதான். பழகின கை. பெரியவர் போய்விட்டார் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று மூன்றாவது கூட்டம்.

* * *

காலையிலேயே காயத்ரி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தாமலுக்குக் கிளம்பிவிட்டாள். நான்கு வழிச் சாலைக்காக நெடுஞ்சாலையை இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரிப் புழுதியில் துப்பட்டா சிவந்து போயிற்று.

தாமல் ஆஸ்பத்திரியின் மேட்ரன் மங்கையர்க்கரசி, காயத்ரிக்கு அத்தை, அறங்காவலர்களில் ஒருத்தி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இந்த ஆஸ்பத்திரியின் முதல் செங்கல் வைத்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். வார்டில் ஒரு நிறைமாதக்காரியின் தோளைப் பிடித்து நடக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"நட. நடந்தாத்தான் புள்ள எறங்கும். படுத்துக்கினு ஏகாம்பரநாதா ஏகாம்பரநாதான்னா அவரு வந்து இழுத்துவுடுவாரா?"

"அத்தை, தனியா பேசணும்."

"இங்கியே பேசு. இவளுக்கு இப்ப எதுவும் காதுல ஏறாது."

காயத்ரி அவளை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஏழாவது இழைய யாரு போடறாங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை. நான் பாத்துட்டேன்."

"எனக்கும் தெரியும்," என்றாள் மங்கை.

காயத்ரி இதை எதிர்பார்க்கவில்லை. "எப்பலேர்ந்து?"

"மொத தடவையே. தலைய குனிஞ்சிக்கினு உக்காருறதுல நான் எப்பவுமே கொஞ்சம் வீக்கு."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொன்னா என்னா ஆவும்? இந்தப் பக்கம் நானு, யதிராஜன் சாரு, மரியம்மாள் மூணு பேரு. அந்தப் பக்கம் உங்கப்பன், டாக்டர் உதயகுமாரு, பட்டுக்கடை தனசேகரன் மூணு பேரு. மூணுக்கு மூணு வந்தா தலைவர் சொல்றதுதான் முடிவு. அடுத்த மாசம் இங்க பூட்டு தொங்கும்."

"அதுக்காகச் செத்துப்போனவரு ஓட்ட எண்ணுவீங்களா? இது ஃப்ராடு அத்தை."

"யாரும்மா ஃப்ராடு? எங்கண்ணன் தெரிஞ்சா பண்றான்? தன் ஓட்ட உன் ரிப்போர்ட்டுக்குப் போடறான். எங்கப்பா ஓட்ட எங்கப்பா சொல்ற எடத்துல போடறான். ரெண்டும் ஒழுங்காத்தான் போயிக்கினு இருக்குது."

ரிப்போர்ட் என்றாளே, அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்துவிட்டு வந்த காயத்ரிதான் மூடும் யோசனையை எழுதிக் கொடுத்தவள். மனசாட்சியோடுதான் எழுதினாள். தாமலில் மயக்க மருந்து டாக்டர் தங்குவதில்லை. ஆபரேஷன் தேவைப்படுகிற பெண்ணை வேனில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகிற வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? மூன்று உள்ளூர்க் குழுவையும் கலைத்து, எல்லாப் பிரசவத்தையும் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டால் அது தீரும். அத்தையின் பக்கமும் நியாயம் இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வலி எடுத்து வருகிறவள் இந்த வாசலைத் தாண்டி ஊர்வரைக்கும் தாங்குவாளா என்பாள். இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரிமேல் அக்கறை இருந்ததுதான் இந்தச் சண்டையில் கஷ்டமே.

"ஆஸ்பத்திரிய விடு அத்தை," என்றாள் காயத்ரி. "எனக்கு அப்பாவ நெனச்சாத்தான் பயமா இருக்கு. அவரு சும்மா பழக்கத்துல செய்யறாருன்னு முதல்ல நெனச்சேன். ஆனா அவரு கேக்கறாரு. யாரோ சொல்றத கேக்கறாரு. பதிலுக்குத் தலைய ஆட்டறாரு."

மங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "எனக்கும் பயமாத்தான் இருக்குது. ராவெல்லாம் தூக்கம் இல்ல. ஆனா இன்னிக்கு ஒரு நாளு பொறுத்துக்க. மூணு கூட்டத்துல ஒரு தீர்மானம் நெறவேறலன்னா மூணு வருஷம் அத யாரும் எடுக்கக் கூடாது. அப்பா போட்ட ரூல்ஸு. இன்னிக்கு முடிஞ்சிதுன்னா நாளைக்கே அண்ணன மெட்ராஸுக்கு நானே கூட்டிக்கினு போயி டாக்டர்கிட்ட காட்டறேன். இன்னிக்கு மட்டும் அவன் கையத் தடுக்காத."

அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவள்தான் இப்படிக் கேட்டாள். கேட்டது தப்பு என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் காயத்ரியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்தை," என்று காயத்ரி ஆரம்பிப்பதற்குள், நடந்துகொண்டிருந்த பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மங்கை ஓடினாள். காயத்ரி பதில் சொல்லாமலே திரும்பி வந்தாள்.

* * *

அவள் அத்தை கேட்டதைச் செய்யவில்லை.

அறக்கட்டளை அலுவலகம் பிள்ளையார்பாளையத்தில் முனிரத்தினத்தின் பழைய வீடு. கூட்டம் நடக்கிற கூடம் ஒரு காலத்தில் தறிக்கூடமாக இருந்தது. அவர் உட்கார்ந்து நெய்த தறிக்குழியைப் பலகை போட்டு மூடி, அதன்மேலேயே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டவர் அவர். இடம் மாறினால் தனக்கு யோசனை ஓடாது என்பார்.

செயலாளர் யதிராஜன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் காயத்ரி பேசினாள்.

"மாமா, தட்டுல இழை குவிஞ்சு கிடக்கறதாலதான் கணக்கு தப்புது. இன்னிக்குத் தட்டு வேண்டாம். ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை நீங்களே கையில குடுத்துடுங்க. ஒண்ணு செம்புல. மிச்சம் ஒண்ண வெளியில வரும்போது இந்தத் துணிப்பையில போட்டுடட்டும்."

"பேஷ். இது நேக்கு முன்னாடியே தோணியிருக்கணும்."

"இன்னொண்ணு. தாத்தா நாற்காலிய உள் ரூமுல வச்சுடலாம்."

யதிராஜன் துடைப்பதை நிறுத்தினார். "நாற்காலியையுமா?"

"காலி நாற்காலி எதுக்கு மாமா?"

"காலின்னு நீ சொல்றே." அவர் குரலை இறக்கினார். "ஒண்ணு சொல்றேன், சிரிக்காம கேளு. நான் சாயந்தரம் கூடத்தைப் பூட்டறச்சே அந்த நாற்காலிய மேசையோட ஒட்டித் தள்ளிட்டுத்தான் போவேன். காலம்பற வந்து தொறந்தா, ஒரு மனுஷன் எழுந்து போனா எவ்வளவு தள்ளியிருக்குமோ அவ்வளவு பின்னாடி தள்ளியிருக்கும். வாட்ச்மேன் பழனி பெருக்கறச்சே நகத்தறான்னு நெனச்சுண்டேன்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கலை."

"ஏன் மாமா?"

"இல்லேன்னு சொல்லிட்டான்னா என்ன பண்றது?"

நியாயமான பயம்தான். எனக்கும் சில கேள்விகளை இப்படித்தான் கேட்காமல் விட்டுவைக்கத் தோன்றும்.

காயத்ரி நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். நாற்காலி இருந்த இடத்தில் பலகை மட்டும், நிறம் மங்காத நான்கு வட்டங்களோடு தெரிந்தது. இவ்வளவுதானே என்று தோன்றியது. கேட்கிறதற்கு நாற்காலி இல்லை, போடுகிறதற்கு ஏழாவது இழை இல்லை. அப்பா மற்றவர்கள் மாதிரி ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். தாமல் மூடப்படும், அத்தை பேசமாட்டாள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அப்பா.

மதியம் உமாபதி வந்தார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்ததில் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மகளைத் தாழ்வாரத்தில் பார்த்ததும் நின்றார்.

"சாப்ட்டியாமா?"

"சாப்ட்டேன்பா."

"பொய்யி. மூஞ்சி வாடிக் கெடக்குது. என்னா விஷயம்?"

காயத்ரி நேராகவே கேட்டாள். "போன கூட்டத்துல நீங்க எத்தனை இழைப்பா போட்டீங்க?"

"இது என்னா கேள்வி? ஒண்ணு. உங்கிட்ட சொல்றதுக்கு என்னா, செவப்பு. என் பொண்ணு படிச்சிட்டு வந்து எழுதியிருக்குது, நான் வேற எதப் போடுவேன்?" அவர் சிரித்தார். ஒளிவு மறைவு தெரியாத சிரிப்பு. "இந்த ஏழாவத எவன் போடறான்னு எனக்கும் ஒரே கொடைச்சலா இருக்குது. உங்கத்தை வேலையா இருக்குமோ?"

அவர் பொய் சொல்லியிருந்தால் காயத்ரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

* * *

மூன்று மணிக்கு ஆறு பேரும் உட்கார்ந்தார்கள்.

உமாபதி கூடத்துக்குள் நுழைந்தபோது நாற்காலி இல்லாததைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை. தன் இடத்துக்குப் போகும்போது அந்தக் காலி இடத்தின் குறுக்கே நடக்கவும் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற ஒருவரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி சுற்றிக்கொண்டு போனார். போகிறபோது வேட்டியை லேசாக ஒதுக்கிக்கொண்டார். டாக்டர் உதயகுமார் இதைக் கவனித்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டார்.

யதிராஜன் புது ஏற்பாட்டைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் கொடுத்தார். தட்டு இல்லை என்றதும் மங்கை காயத்ரியைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அப்படிப் பார்த்தாள்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். தாமல் பக்கத்துப் பஞ்சாயத்தில் இருந்த மரியம்மாள் இழையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். தனசேகரன் போனார். டாக்டர் போனார். யதிராஜன் போனார். மங்கை போய்விட்டு வந்து, கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசியாக உமாபதி எழுந்தார். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள், இரண்டு பேரைத் தவிர.

அவர் இரண்டு அடி எடுத்து வைத்தார். காலி இடத்துக்கு வந்ததும் நின்றார்.

உட்கார்ந்திருக்கிற மனிதனின் வாய் இருக்கிற உயரத்துக்குச் சரியாகக் குனிந்தார். பலகை கிறீச்சிட்டது. இரண்டு இழையும் இருந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காதைக் கொடுத்தார்.

இந்த முறை அவர் தலையை ஆட்டவில்லை. இல்லை என்பதுபோல அசைத்தார். உதடுகள் சத்தமில்லாமல் பேசின. "ஒண்ணுதாம்பா போட முடியும்" என்றன அந்த உதடுகள். காயத்ரிக்குத் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி காதைக் கொடுத்தார். மறுபடி மறுத்தார். வேண்டாம் என்று கெஞ்சுகிற முகம் அது. அப்பா யாரிடமும் கெஞ்சி காயத்ரி பார்த்ததில்லை.

எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எழவில்லை. எதிரே அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

கடைசியில் உமாபதி மெதுவாகத் தலையை ஆட்டினார். உள்ளங்கையை மூடிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். வர நேரமாயிற்று. வந்து உட்கார்ந்தபோது முகம் வழக்கம்போலத்தான் இருந்தது, கொஞ்சம் களைத்திருந்தது.

யதிராஜன் செம்பைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார். விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ஆறு. கணக்கு சரியா இருக்கு." அவர் முகம் தெளிந்தது. பிறகு மறுபடி பார்த்தார். "சிவப்பு ரெண்டு. வெள்ளை நாலு. தீர்மானம் தோத்துப்போச்சு. தாமல் ஆஸ்பத்திரி இருக்கும்."

மரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். தனசேகரன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தனசேகரனைப் பார்த்தார். மூடலாம் என்று சொன்னவர்கள் மூன்று பேர், சிவப்பு இரண்டு.

"மிச்ச இழையையும் எண்ணிடறேன்," என்று யதிராஜன் துணிப்பையை உதறினார். "அஞ்சுதான் இருக்கு. யாரோ பையில போடலை."

உமாபதியின் வலது கை மேசைமேல் இன்னும் மூடியபடியே இருந்தது. எல்லோரும் அதைப் பார்ப்பதைப் பார்த்து, அவரும் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

உள்ளங்கையில் சிவப்பு இழை இருந்தது.

"நான் செவப்பத்தான போட்டேன்," என்றார் உமாபதி.

யதிராஜன் மேசைமேல் கிடந்த நாலு வெள்ளையையும் இன்னொரு தடவை எண்ணினார்.

"போடும்போது பாத்துத்தான போட்டேன். இது எப்படி எங்கையில இருக்குது?" அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அப்ப எம் ஓட்டு எங்க?"

யதிராஜன் தொண்டையைச் செருமினார். "போட்ட இழையத் திரும்ப எடுக்கப்படாதுன்னு பெரியவர் எழுதி வச்சிருக்கார் உமாபதி. எல்லாருக்கும் அதுதான் சட்டம். முடிவு முடிவுதான்."

உமாபதி வாதாடவில்லை. சிவப்பு இழையை மேசைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார்.

"பிரஷர் பாத்துடலாம். மெஷின் கார்ல இருக்கு, எடுத்துக்கினு வரேன்," என்று டாக்டர் எழுந்து வெளியே போனார். மற்றவர்களும் அந்தக் கூடத்தில் உட்கார முடியாமல் ஒவ்வொருவராகத் தாழ்வாரத்துக்குப் போனார்கள்.

காயத்ரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பேனா கையில் இருந்தது. அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம். தாத்தாவுக்கென்று தனியாக ஓர் இழை இருந்தவரைக்கும் அப்பாவுக்கும் ஓர் இழை இருந்தது. அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்த ஏழாவது இழையை எடுத்தது அவள்தான். தாத்தா உட்கார இருந்த ஓர் இடத்தையும் அவள்தான் தூக்கி உள்ளே வைத்தாள். நான் பண்ணினது, நான் பண்ணினது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

மங்கை எழுந்து அண்ணனிடம் வந்தாள். தாமல் நிலைத்துவிட்டது. இந்த வார்த்தையைக் கேட்பதற்குத்தான் அவள் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கேட்ட பிறகு அவளுக்குச் சந்தோஷம் என்று ஒன்று வரவே இல்லை. தரையில் மண்டியிட்டு, உமாபதியின் வலது கையை எடுத்தாள். கை சில்லென்று இருந்தது. விரல்கள் மடங்கவில்லை.

"அண்ணே."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அண்ணே, என்னப் பாரு. நாளைக்கு மெட்ராஸுக்குப் போலாம். நான் கூட வரேன். இத நான் முன்னாடியே செஞ்சிருக்கணும், செய்யாம உட்டுட்டேன். அண்ணே."

உமாபதி கண்ணைத் திறந்தார். தங்கையைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு வாயின் இடது பக்கத்துக்கு மட்டும் போயிற்று. வலது பக்கம் அசையாமல் இருந்தது.

மேட்ரனாக இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு அது என்ன என்று தெரியாதா? அவள் விரல் தானாக நாடிக்குப் போனது. "காயத்ரி, ஓடு, டாக்டர கூப்புடு" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"அரசி," என்றார் உமாபதி.

திறந்த வாய் அப்படியே நின்றது. ஊரெல்லாம் அவளுக்கு மங்கை. அண்ணனும் மங்கை என்றுதான் கூப்பிடுவார். அவளை அரசி என்று கூப்பிட்டவர் ஒருவர்தான், அவரைத் தை மாதம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்.

"கூட்டம் நல்லபடியா முடிஞ்சிதாம்மா அரசி? தாமலுக்கு ஒண்ணும் இல்லியே?" குரல் குழறியது. வார்த்தை மட்டும் தெளிவாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல," என்றாள் மங்கை. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"நல்லது." அவர் இடது கையை மெதுவாகத் தூக்கினார். நாற்காலி எடுத்த இடத்தை, வெறும் பலகையைக் காட்டினார். "உமாபதிய உக்காரச் சொல்லும்மா. பாவம், எவ்ளோ நேரம் அப்படி நின்னுக்கினே இருப்பான்."

காயத்ரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப அவளுக்குத் தைரியம் இல்லை. அத்தையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். அவள் கண்கள் ஓர் ஆள் உயரத்துக்கு மெதுவாக ஏறி, அங்கே நின்றன. கண்ணீர் கொட்டியது.

"உக்காருண்ணே," என்றாள் மங்கை.